எங்கள் குசினியை இடித்த ரெயில்

கணினியில் ரெயில் ஓட்டுகிறவர்களின் வட்ஸ்அப் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். கனடா, லண்டன், பாரிஸ் என்று எங்கெங்கோ இருந்து எங்கள் ஆட்கள் அதில் எழுதுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகும் பாதையைப் பற்றித்தான் அங்கே பெரிய பேச்சு. அதிலும் எங்கள் சுருவில் கிராமத்து வளைவைப் பற்றி. "ஏழு தரம் கவிட்டுப்போட்டன், இன்னும் பிடிபடேல்லை" என்று ஒருவர் எழுதுவார். "உந்த வளைவைக் கீறின கைக்குத் தங்கக் காப்புப் போடவேணும்" என்று இன்னொருவர். வாசிக்க வாசிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வளைவால்தான் நானும் மனைவியும் பதினாறு வருடம் இருந்த வீட்டைவிட்டு எழும்பினோம் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

விளங்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊர்காவற்றுறைக்கு ரெயில் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பண்ணைக் கடலைத் தாண்டித் தீவுப் பக்கம் தண்டவாளக் கம்பி ஒரு முழமேனும் வந்ததில்லை. இது பனி விழும் நாடொன்றில் ஒரு மனிதர் வீட்டுக்குள் இருந்து செய்த பாதை. ரெயில் ஓட்டும் விளையாட்டோடு மேலதிகமாகச் சேர்த்துக்கொள்ளலாம். இப்படி உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பாதை செய்கிறார்கள். இருக்கிற பாதையைச் செய்வார்கள். எங்களவர்தான் இல்லாத பாதையைச் செய்தார்.

அவர் என் மனைவியின் பெரியம்மா மகன். எனக்கு மச்சான் முறைதான், ஆனால் வயதிலும் வசதியிலும் மூத்தவர், நாங்கள் இருந்தது அவருடைய வீடு, ஆகவே அண்ணை என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். பத்தொன்பது வயதில் வெளிநாடு போனவர். இந்த ரெயில் வரும்வரை ஊருக்குத் திரும்பியதேயில்லை. அவருடைய பெற்றோரும் அவரிடம் போனபின் சுருவிலில் வீடு சும்மா கிடந்தது. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்த நாங்கள் திரும்பி வந்தபோது எங்களுடைய கரையோரக் காணியில் அத்திவாரம் மட்டும் இருந்தது. "வீட்டுக்கு ஆள் வேணும். ஆள் இல்லாட்டிக் கறையான் திண்டுபோடும். நீங்கள் இருங்கோ" என்று அவரே கூப்பிட்டுத் தந்தார். அதில் நான் பொய் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவர் செய்தது பெரிய உதவி.

வந்தபோது பழைய குசினிக்குக் கூரை இல்லை. வீட்டு நடுவில் இருந்த குசினி அது, புகை போக வழியில்லாதது. என் மனைவிக்கு மூச்சு இழுப்பு. ஆகவே கிழக்குப் பக்கத்தில், காற்றுப் பிடிக்கிற இடத்தில், புளொக் கல் வைத்துப் புதிதாக ஒன்று கட்டினோம். ஒரே மூச்சில் அல்ல. கடல் மீன் தந்த மாதத்தில் நாலு வரி கல், தராத மாதத்தில் சும்மா. மண்ணை அவள்தான் சுமந்தாள். அவள் குள்ளம். பிறந்த வீட்டிலும் முகாமிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் அடுத்தவர் உயரத்துக்குக் கட்டிய அடுப்பில் எக்கி எக்கிச் சமைத்தவள். அந்த அடுப்பு மேடையை அவளுடைய இடுப்பை அளந்து கட்டினேன். அதில் முதல் நாள் கறி வைத்தபோது, "கை நோகேல்லை" என்று சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள், ஆனால் அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை.

அண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவார். நாங்கள் வேதக்காரர், ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து, சாப்பிட்டு, நான் காலை நீட்டும் நேரத்தில் அவருக்கு அங்கே காலை. ஒரு ஞாயிறு இந்தப் பாதைக் கதையைத் தொடங்கினார். வேலையிலிருந்து ஓய்வு கிடைத்துவிட்டது, பொழுது போகவில்லை, ஊருக்கு ரெயில் விடப்போகிறேன் என்றார். குடித்திருக்கிறாரோ என்று யோசித்தேன். காலையில் குடிக்கிற ஆள் அல்ல.

"நீர்தான் எனக்கு அங்கை கண். பாலம், மதகு, பனை, கோயில் எல்லாத்தையும் படம் எடுத்து அனுப்பும். தூரத்தை நான் செய்மதிப் படத்திலை எடுப்பன். கிட்டத்து அளவு நீர் தாரும்" என்றார். தன்னுடைய பழைய மடிக்கணினி ஒன்றையும் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டார், நானும் ஓட்டிப் பார்த்துப் பிழை சொல்ல வேண்டுமென்று.

இரண்டு வருடம் இந்தக் கூத்து. சைக்கிளில் பண்ணையிலிருந்து ஊர்காவற்றுறை வரை எத்தனை தரம் போயிருப்பேன். வெயிலில் நின்று மதகைப் படம் எடுக்கிறவனை ஊரில் எப்படிப் பார்ப்பார்கள்? "என்ன, தீவை விக்கப் போறியளோ?" என்று மண்கும்பானில் ஒரு கடைக்காரர் கேட்டார். ரெயில் வருகிறது என்று சொன்னேன். நம்பிவிட்டார், பாவம். எங்கே ஸ்ரேசன் என்று கேட்டார்.

ஸ்ரேசன் எங்கே என்பதுதான் வெளிநாட்டிலும் பெரிய சண்டை. விசயம் கேள்விப்பட்ட ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தன் ஊருக்குத் தரிப்பிடம் கேட்டது. அல்லைப்பிட்டிக்கு ஒன்று, வேலணைக்கு இரண்டு, ஏனென்றால் கிழக்கும் மேற்கும் ஒன்றோடொன்று கதைப்பதில்லை. புங்குடுதீவார் தங்களுக்குத் தனியாக ஒரு கிளைப் பாதை வேண்டும் என்று நின்றார்கள். சாட்டிக் கடற்கரையிலும் ஒரு தரிப்பிடம் வைத்தார். கணினிக்குள் இறங்கிக் கடல் குளிக்கவா போகிறார்கள்? எல்லோரும் தங்கள் வீட்டுப் பழைய படங்களை அனுப்பினார்கள். அவரும் அலுக்காமல் ஒவ்வொரு வீட்டையும் செய்து வைத்தார். ஓடு உடையாமல், சுவர் வெடிக்காமல், முற்றத்தில் பூவோடு. உண்மையில் அந்த வீடுகளில் பாதிக்குமேல் ஆலமரம் முளைத்துக் கிடக்கிறது. மற்றப் பக்கம், இப்போது ஊரில் இருக்கிற எங்களைப் போன்றவர்களின் தகரக் கொட்டில்களை ஒருவரும் படம் எடுத்து அனுப்பவில்லை. அந்த இடமெல்லாம் பற்றையும் பனையுமாக விட்டார். திரையில் எங்கள் தீவைப் பார்த்தால் போனவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள், இருக்கிறவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். எனக்கு அது அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

உறைக்கவில்லை. ஓட்டுவதில் எனக்கு ஆசை பிடித்துவிட்டது. வள்ளம் ஓட்டுகிறவனுக்கு ரெயில் ஓட்ட வராது என்பது என் அனுபவம். துறைக்கு வரும்போது நாங்கள் எஞ்சினை முன்கூட்டியே நிற்பாட்டிவிடுவோம். மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும், வள்ளம் தானாகத் தணிந்து கரையில் முட்டும். ரெயிலில் அப்படி விட்டால் அது போய்க்கொண்டே இருக்கும். பண்ணைப் பாலத்திலிருந்து இறங்கி முதல் தரிப்பிடத்தில் நான் ஒரு நாளும் நின்றதில்லை. சனங்கள் மேடையில் நிற்பார்கள், நான் அவர்களைக் கடந்து அடுத்த ஊருக்குப் போய்விடுவேன். "என்னப்பா, கடுகதியோ?" என்று அண்ணை சிரிப்பார். உப்புக் காற்றில் தண்டவாளம் வழுக்கும்படி வேறு செய்திருந்தார். மேடைகள் கட்டை, ரெயில் நெட்டை, தடை பிடிக்கிற நேரம் ஒரு கணம் பிந்தினால் போச்சு. உண்மையிலேயே கெட்டித்தனமான வேலை. அதை நான் இன்றைக்கும் ஒத்துக்கொள்வேன்.

பிறகு சுருவில் வந்தது. அவருடைய வீடு. அதைத்தான் அவர் கடைசிக்கு வைத்திருந்தார். தண்டவாளத்தை வளவின் கிழக்குப் பக்கத்தால் கொண்டுபோய், வீட்டுக்கு முன்னால் ஒரு தரிப்பிடம் வைத்து, ரெயிலில் இருந்தபடி தன் வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

"வீட்டை வடிவாய் அளந்து ஒரு கொப்பியிலை கீறி அனுப்பும். பழசை நீலப் பேனையாலை கீறும். நீங்கள் பேந்து கட்டினதைச் சிவப்பாலை கீறும். நான் போகேக்கை இருந்த மாதிரித்தான் செய்யப்போறன், சிவப்பை விட்டுப்போடுவன்."

என்னிடம் அளவு நாடா இல்லை. கடல்காரனுக்கு எதற்கு நாடா? வலை, கயிறு, ஆழம் எல்லாம் பாகத்தில்தான் அளப்போம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஆறடி. சுவரோடு நெஞ்சைச் சேர்த்துக் கையை விரித்து விரித்து வீட்டைச் சுற்றி வந்தேன். மனைவி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, என்ரை குசினியை ஏன் சிவப்பாலை கீறுறியள்?"

"நாங்கள் கட்டினது எண்டு காட்டத்தான்."

"அதை அவருக்கு ஏன் காட்டுவான்?"

"படத்துக்குத்தானே."

"படத்துக்கு எண்டால் நீலத்தாலை கீறுங்கோ" என்றாள். நான் சிரித்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது எனக்கு. குசினி, கக்கூசு, கிணற்றுக் கட்டு, ஆட்டுக் கொட்டில். இந்த நாலையும் நாங்கள் கட்டினோம் என்று அழுத்தி அழுத்திச் சிவப்பால் கீறினேன். மடையன்.

பாதை வெளிவந்ததும் குழு அமளிப்பட்டது. செய்மதிப் படத்தில் எடுத்த, வளவுக்கு வெளியே போகும் ஒழுங்கைக்கும் நான் தந்த வீட்டுக்கும் நடுவில் தண்டவாளத்துக்கு இடம் போதாமல், அண்ணை அதை வீட்டு மூலையைச் சுற்றி நெரித்து வளைத்திருந்தார். அதுதான் அந்தப் பேர்போன வளைவு. கொஞ்சம் வேகம் கூடினால் பெட்டி சரிந்து கிணற்றுக்குள் போகும்.

ஏன் இடம் போதவில்லை என்பது சில மாதம் கழித்து எனக்குத் தெரியவந்தது. புது வலை ஒன்று கட்டும்போது கூட வேலை செய்தவரிடம் நாடா இருந்தது. விளையாட்டாக என் பாகத்தை அளந்தார். ஐந்தரை அடி. "உமக்குக் கை கட்டை காணும். இவ்வளவு நாளும் கடலை ஏமாத்திக்கொண்டு திரிஞ்சிருக்கிறீர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் கொப்பியில் கீறிய படத்தை நினைத்தேன். ஒவ்வொரு பாகத்தையும் ஆறடி என்று எடுத்து அண்ணை வீட்டைச் செய்திருக்கிறார். திரையில் இருக்கும் வீடு உண்மை வீட்டைவிடப் பெரியது. அந்த வளைவே பிழை.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கம் ஒன்று. மற்றது, குழுவில் எல்லோரும் அந்த வளைவைத் தூக்கி வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். என் கையால் வந்த வளைவு என்று உள்ளுக்குள் ஒரு அற்பப் பெருமை. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

அண்ணைக்கு ஒரு மகள் இருக்கிறாள். ஊர் என்றால் முகத்தைச் சுழிக்கிற பிள்ளை. அவள் ஒரு நாள் அந்த ரெயிலைச் சுருவில் வரை ஓட்டிக்கொண்டு வந்து வீட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, "அப்பா, இது உண்மையாய் இருக்கோ? நாங்கள் போய்ப் பாப்பமோ?" என்று கேட்டாளாம். அதைச் சொல்லும்போது தொலைபேசியில் அவர் அழுதார். நானும் கலங்கிவிட்டேன். பிள்ளை ஊரைக் கேட்டால் எந்தத் தகப்பனுக்கும் அப்படித்தானே இருக்கும்.

ஓகஸ்ட் விடுமுறைக்கு வர முடிவெடுத்தார்கள். அவர் மட்டும் மூன்று கிழமை முன்னதாக வந்தார்.

வான் வண்டியிலிருந்து இறங்கியவர் எங்களைக் கட்டிப்பிடித்தார். மனைவி நண்டுக் கறி வைத்திருந்தாள். சாப்பிட முதல் வீட்டைப் பார்ப்போம் என்று கையில் திரையை எடுத்துக்கொண்டு ஒழுங்கையில் போய் நின்றார். திரையில் அவர் செய்த வீடு. அதற்குப் பின்னால் உண்மை வீடு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். முன்னுக்கு வந்தார், பின்னுக்குப் போனார். முகம் விழுந்துவிட்டது.

"வீடு சின்னனாய்ப் போச்சுது" என்றார்.

திரையை எனக்கு முன்னால் நீட்டினார்.

"அதிலை அப்பிடி வடிவாய் நிக்குது. இதிலை என்ன இப்பிடி?" கிழக்குப் பக்கம் வந்து நின்றார். "உந்தக் குசினிதான். உது அடைச்சுக்கொண்டு நிக்குது. உதாலைதான் வீடு சின்னனாய்த் தெரியுது."

"இல்லை அண்ணை," என்று அப்போதுதான் சொன்னேன். "என்ரை பாகம் கட்டை. அளவு நான் பிழையாத் தந்தனான். வீடு எப்பவும் இந்தளவுதான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இரக்கம் இருந்தது. குசினியைக் காப்பாற்ற நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். "விடும்," என்றார். "நான் பிறந்த வீடு எவ்வளவு எண்டு எனக்குத் தெரியாதோ?"

அடுத்த நாள் மேசன் வந்தான். அண்ணையின் கையில் ஒரு தாள். என் கொப்பிப் படம். அங்கே இருந்தபடியே அச்செடுத்துக் கொண்டுவந்திருக்கிறார். சிவப்பாக இருக்கிறதெல்லாம் எடுக்க வேண்டும் என்று மேசனுக்குக் காட்டினார். மேசனுக்கு ஒரு கேள்வியும் வரவில்லை, அவ்வளவு தெளிவாகக் கீறியிருந்தேன். கக்கூசையும் கிணற்றுக் கட்டையும் மட்டும் விடச் சொன்னார், பிள்ளைக்கு வேண்டும் என்று.

மனைவி குசினி வாசலில் நின்றாள்.

"தங்கச்சி, உங்களை ஆர் போகச் சொன்னது? நீங்கள் இருங்கோ. பழைய குசினிக்கு ஓடு போட்டுத் தாறன், அதுக்கை சமையுங்கோ" என்றார் அண்ணை. உண்மையாகவே ஒன்றும் கெடுதல் செய்யவில்லை என்று நம்பிய குரல்.

"எனக்கு இழுப்பு அண்ணை. அதுக்கை ஏலாது."

"புகைபோக்கி வைப்பம்."

"ஏன் அண்ணை, இது உங்களுக்கு என்ன செய்தது?"

"பிள்ளைக்கு அந்த வீட்டைக் காட்டுறன் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார்.

காலையில் இடிக்கத் தொடங்கி மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. அடுப்பு மேடை மட்டும் இலேசில் உடையவில்லை. சீமெந்து கூடப் போட்டிருந்தேன். மனைவி சட்டி பானைகளைப் பலாமரத்தின் கீழ் அடுக்கிவிட்டு, "குசினி இல்லாத வீட்டிலை நான் காவல்காரி. பெண்சாதி இல்லை. வாங்கோ" என்றாள். கரையோரக் காணியில் பழைய அத்திவாரத்தின்மேல் தகரம் அடித்துக்கொண்டு இருக்கிறோம். சமையல் வெளியில், மூன்று கல்லு வைத்து. மழை வந்தால் கடைப் பாண்தான்.

மகள் வந்தாள், நாலு நாள் நின்றாள், நுளம்பு கடிக்கிறது என்று கொழும்புக்குப் போய்விட்டாள். அண்ணையும் திரும்பிவிட்டார். வீடு பூட்டு. கறையான் தன் வேலையைத் தொடங்கியிருக்கும்.

எங்களுக்குள் சண்டை என்று ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பேசுகிறார். நான் எடுப்பேன், எடுக்காமல் விட எனக்குத் தைரியம் இல்லை, அதுவும் ஒரு குறைதான். போன மாதம் இப்படிச் சொன்னார்:

"எல்லாரும் ஒரு குறை சொல்லினம் காணும். வீடு வடிவாத்தான் இருக்காம், ஆனா ஆள் நடமாட்டம் இல்லாமல் பாழடைஞ்ச மாதிரி இருக்காம். நீரும் தங்கச்சியும் நிக்கிற மாதிரி ஒரு முழுப் படம் எடுத்து அனுப்பும். உங்களை முற்றத்திலை வைக்கிறன். ரெயில் வரேக்கை கை காட்டுற மாதிரி."

அவர் கிண்டல் செய்யவில்லை. எங்களுக்கு ஒரு நன்மை செய்வதாகத்தான் நினைத்தார்.

"ஏலாது அண்ணை" என்றேன்.

"ஏன், கமெரா இல்லையோ?"

"கமெரா இருக்கு. ஏலாது."

"சரி, சரி. என்னட்டை வேறை ஆக்கள் இருக்கினம்" என்றார்.

இருந்தார்கள்தான். பாதைக்குப் புதுத் திருத்தம் வந்ததும் யாரோ அந்த வளைவை வீடியோ எடுத்துக் குழுவில் போட்டார்கள். வேறு ஏதோ நாட்டுப் பாதைக்கென்று செய்துவைத்த உருவங்கள். தடித்த மேலங்கி போட்ட ஒரு வெள்ளைக்காரன், பக்கத்தில் குடையோடு ஒரு வெள்ளைக்காரி. வீட்டின் கிழக்குப் பக்க முற்றத்தில், சுருவில் வெயிலில் இருவரும் நின்று ரெயிலுக்குக் கை காட்டுகிறார்கள். நல்லாயிருக்கு, உயிர் வந்துவிட்டது என்று கீழே எழுதியிருந்தார்கள். நான் அதை மனைவிக்குக் காட்டியிருக்கக் கூடாது. காட்டினேன், சிரிப்பாள் என்று.

அவள் சிரிக்கவில்லை. என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். திரும்ப ஒருமுறை ஓடவிட்டாள்.

"இவள் நிக்கிறது என்ரை அடுப்படியிலை" என்றாள்.